வாய் தவறினால் தோணி விழும்: கியூபெக்கின் சாத்தான் ஒப்பந்தக் கதைகள்

ஐரோப்பாவில் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவன் படித்த அறிஞன். 1587இல் பிராங்பேர்ட்டில் அச்சான ஜெர்மன் நூலில் ஃபாஸ்ட், இருபத்து நான்கு ஆண்டுக் கால அறிவுக்கும் இன்பத்துக்கும் தன் ஆன்மாவை எழுதிக் கொடுக்கிறான். கனடாவின் பிரெஞ்சு மாநிலமான கியூபெக்கில் அதே ஒப்பந்தத்தைச் செய்பவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத மரவெட்டிகள். அவர்களுக்கு அறிவு வேண்டாம், செல்வமும் வேண்டாம். புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஊருக்குப் போய்க் காதலியோடு ஆடிவிட்டு, விடியுமுன் காட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர்கள் ஏறுவது பறக்கும் தோணி. 'ஷாஸ் காலரி' என்று வழங்கும் இந்தக் கதை மொன்றியாலில் அச்சேறி, அங்கிருந்தே உலகறிந்த வடிவத்தைப் பெற்றது.

அச்சேற்றியவர் ஓனொரே போகிரான். லனொரே என்ற ஆற்றங்கரை ஊரில் 1848இல் பிறந்தவர். இளமையில் மெக்சிகோவில் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து போரிட்டார். பின்னர் அமெரிக்காவின் ஃபால் ரிவர் நெசவாலை நகரில் வாழ்ந்து, அங்கு குடியேறிய பிரெஞ்சுக் கனடியர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 1879இல் மொன்றியாலில் 'லா பாத்ரி' நாளிதழைத் தொடங்கினார். 1885 முதல் 1887 வரை நகரத்தின் மேயர். அவர் பதவியேற்ற ஆண்டில்தான் பெரியம்மை மொன்றியாலில் 3,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கட்டாயத் தடுப்பூசிக்கு எதிராகத் தெருக்களில் கலகம் வெடித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. சுதந்திரச் சிந்தனையாளர், பிரீமேசன் சங்கத்தவர், திருச்சபையின் அதிகாரத்தோடு ஓயாமல் மோதியவர். அப்படிப்பட்டவர் சாத்தானை நம்பும் மக்களின் கதையை இத்தனை பரிவோடு எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கதை 1891 டிசம்பர் 31 அன்று அவருடைய நாளிதழிலேயே வெளிவந்தது. மறு ஆண்டு அதன் ஆங்கில வடிவம் நியூயார்க்கின் 'செஞ்சுரி' இதழில் வந்தது. 1900இல் அதையே தலைப்புக் கதையாகக் கொண்ட தொகுப்பு மொன்றியாலில் நூலாயிற்று.

கதையைச் சொல்பவன் முகாமின் சமையற்காரன் ஜோ. வெளியே பனி. உள்ளே முதலாளி கொடுத்த ரம் பீப்பாய். மிட்டாய்க்காகப் பெரிய கொப்பரையில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபடியே, இளமையில் தனக்கு நேர்ந்ததை ஜோ தோழர்களுக்குச் சொல்கிறான். கத்தினோ ஆற்றின் மேற்பகுதிக் காட்டில் அவன் வேலை செய்த காலம். பாப்டிஸ்ட் துயுரான் என்பவன் நள்ளிரவில் அவனை எழுப்பி, லவால்திரிக்குப் போய்வரலாம் வா என்கிறான். தோணியில் ஏறுவோர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதால் எட்டுப் பேர் சேர்கிறார்கள். நிபந்தனைகள் இரண்டு: கடவுளின் பெயரை உச்சரிக்கக் கூடாது, கோபுரச் சிலுவை எதிலும் தோணி உரசக் கூடாது. மீறினால் எட்டு ஆன்மாவும் சாத்தானுக்கு.

தோணி எழுந்து கத்தினோ, ஒட்டாவா ஆறுகளின் வழியே மொன்றியால் விளக்குகளைத் தாண்டிப் போகிறது. ஊரில் ஆட்டமும் குடியும் முடிந்து திரும்பும்போதுதான் கதை இறுகுகிறது. துடுப்பைத் திசைக்குப் பிடிக்க வேண்டிய பாப்டிஸ்டுக்குத் தலைக்கேறிய போதை. தோணி மொன்றியாலின் குன்றான மவுண்ட் ரோயல் சரிவில் பனிக்குள் போய்ச் செருகி நிற்கிறது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பாப்டிஸ்ட், நகருக்குள் இறங்கி இன்னொரு கோப்பை குடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறான். அவன் வாயிலிருந்து ஒரு வசவு வந்தால் எல்லோரும் தொலைந்தார்கள். தோழர்கள் அவன் கைகாலைக் கட்டி, வாயில் துணியடைத்து, தோணியின் அடியில் கிடத்திப் பறக்கிறார்கள். முகாமை நெருங்கும்போது அவன் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து திட்டத் தொடங்குகிறான். தோணி ஒரு பைன் மர உச்சியில் மோதுகிறது, எட்டுப் பேரும் கிளை கிளையாக விழுகிறார்கள். காலையில் பனிக்குள் கிடந்தவர்களை மற்ற மரவெட்டிகள் கண்டெடுக்கிறார்கள். குடித்துவிட்டு விழுந்தார்கள் என்று முகாம் நினைக்கிறது, அவர்களும் அதை மறுக்கவில்லை.

கடவுளின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற நிபந்தனையின் கனம் கியூபெக் மக்களின் பேச்சை அறிந்தவர்களுக்கே முழுதாகப் புரியும். அங்கே கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் உடலைச் சுட்டுவன அல்ல, கோவிலைச் சுட்டுவன. நற்கருணைப் பேழை, திருப்பலிக் கிண்ணம், அப்பம் ஆகிய புனிதப் பொருள்களின் பெயர்களே வசவுகளாகப் புழங்குகின்றன. குருமார் வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் ஆண்ட சமூகத்தில் கோபம் அந்தப் பக்கமாகவே வெடித்தது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போய் வசந்தத்தில் வெளிவரும் மரவெட்டிக்கு இடையில் பூசையும் பாவசங்கீர்த்தனமும் அரிது, வசவோ மூச்சுக்கு மூச்சு. அப்படிப்பட்டவனிடம் நாவடக்கத்தைக் கேட்கிறான் சாத்தான். இந்தக் கதையின் மேதைமை இங்கேதான் இருக்கிறது. பறக்கும் தோணி வெறும் வாகனம்.

அதன் வேர் பிரான்சில் உள்ளது. ஞாயிறு பூசையைத் தவிர்த்து வேட்டைக்குப் போனதால் வானத்தில் முடிவில்லாமல் வேட்டையாடச் சபிக்கப்பட்ட ஒரு பிரபுவின் கதை புவாத்து வட்டாரத்தில் வழங்கியது. குதிரையும் வேட்டைநாயும் கனடாவுக்கு வந்தபோது தோணியாக மாறின.

கியூபெக்கின் மற்றச் சாத்தான் கதைகளும் இதே குடும்பம்தான். பிரெஞ்சுக் கனடாவின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் 'ஒரு நூலின் செல்வாக்கு' 1837இல் வந்தது. எழுதிய பிலிப் ஓபேர் த காஸ்பே (மகன்) அப்போது 23 வயது இளைஞர். மந்திர நூலை நம்பிச் சாத்தானை அழைக்க முயலும் ஒருவனே அதன் நாயகன். அதற்குள் ஒரு கிளைக்கதையாக வருபவள் ரோஸ் லத்துலிப். தவக்காலத்துக்கு முந்தைய இரவு, நள்ளிரவோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற கட்டளையோடு தந்தை விருந்து வைக்கிறார். கருப்புக் குதிரையில் வந்த அழகன் கையுறையைக் கழற்றாமலே அவளோடு ஆடுகிறான். வெளியே அவனுடைய குதிரையின் குளம்படியில் பனி உருகுகிறது. ரோஸ் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறாள், ஊர்க் குருவானவர் வந்து மீட்கிறார். இளம் வாசகர்களுக்கென்று திரும்பத் திரும்ப எழுதப்படுவது இந்தக் கதைதான். 1966இல் இது ராயல் வின்னிபெக் நிறுவனத்தின் முழுநீள பாலேயாகவும் அரங்கேறியது. ஆனால் முடிவில் அவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புவதைத் தவிர அக்காலம் வேறு வழி காணவில்லை. ஆண்கள் தப்பித்துச் சிரிக்கும் ஷாஸ் காலரியோடு ஒப்பிட்டால் இது அநீதி. நல்ல மறுகூறல் ஒன்று கைவைக்க வேண்டிய இடமும் அதுவே.

சாத்தானையே வேலை வாங்கிய கதைகளும் உண்டு. செயின்ட் ஓகுஸ்தான் போன்ற ஊர்களில், தேவாலயம் கட்டக் கல் சுமந்த கருப்புக் குதிரை சாத்தானே என்பார்கள். கடிவாளத்தை அவிழ்க்காத வரை அது அடிமை. யாரோ ஒருவன் தண்ணீர் காட்ட இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுகிறான், அதோடு அது மறைகிறது.

ஷாஸ் காலரியின் மறுகூறல்களுக்குக் குறைவில்லை. ஓவியர் ஆன்ரி ஜூலியன் 1906இல் தீட்டிய படமே இன்று எல்லோர் மனத்திலும் நிற்கும் காட்சி. நிலவொளியில் தோணி, துடுப்பை உயர்த்திய ஆட்கள். 1991இல் அஞ்சல் தலை வந்தது. அடுத்த ஆண்டு ஷாம்பிளி நகரத்து மது ஆலை ஒன்று பீர் போத்தலில் பறக்கும் தோணியின் படத்தை ஒட்டியது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் வயலின் வாசிப்பவனோடு தோணி மேலிருந்து இறங்கியது. 2016இல் ழான் பிலிப் துய்வால் இயக்கிய திரைப்படம் வந்தது. இளையோர் நூல்களில் குறிப்பிடத்தக்கது ரோக் காரியே எழுதி ஷெல்டன் கோகன் ஓவியம் வரைந்த 2004ஆம் ஆண்டு நூல். அதில் நாயகன் முகாமில் வேலை செய்யும் பதினொரு வயதுச் சிறுவன். காதல் ஏக்கம் போய் வீட்டு ஏக்கம் வருகிறது. இந்த மாற்றம் கதையைக் கெடுக்கவில்லை. பனிக்காட்டில் தனித்திருப்பவனின் வலி இரண்டுக்கும் பொது. கெடுப்பது வேறொன்று. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சாத்தானைக் கோமாளியாக்கி, ஆன்மா என்ற விலையை அழித்துவிடும் சுருக்கங்கள் பல உலவுகின்றன. விலை போனால் பாப்டிஸ்டின் வாயை ஏன் அடைக்கிறார்கள் என்பதே புரியாது. பதினைந்து வயதுக்காரருக்கு அந்தப் பயம் வேண்டும். அவசரத்தில் கொடுத்த வாக்கு, தோழன் செய்த தவறுக்குத் தானும் பலியாகும் நிலை என்பவை அந்த வயதில் அன்றாடம் சந்திக்கிறவை.

தமிழ் மரபில் இதற்கு நேர் நிற்பது திருக்குறுங்குடியின் நம்பாடுவான் கதை. கார்த்திகை ஏகாதசி இரவு பாடப்போகும் பாணரைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு இரையாவேன் என்று பதினெட்டுச் சபதங்கள் செய்து போகிறார், சொன்னபடி திரும்பியும் வருகிறார். அவர் பாடிய கைசிகப் பண்ணின் பலனால் ராட்சசனுக்கே விடுதலை கிடைக்கிறது. கைசிக நாடகமாக அது இன்றும் அந்தக் கோவிலில் நடிக்கப்படுகிறது. அங்கே சொன்ன சொல் காக்கிறது, இங்கே தவறிய சொல் வீழ்த்துகிறது. இரண்டிலும் தீய சக்தி ஒப்பந்தத்தை மீறுவதில்லை.

இந்த ஒப்பீடு ஏட்டளவில் நிற்க வேண்டியதில்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் மொன்றியாலின் கோத் தெ நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் வேரூன்றினர். 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். ஷாஸ் காலரி அவர்களுக்குப் பாடப்புத்தகக் கதை, அவர்களுடைய பாட்டிமாருக்குத் தெரியாத கதை. நம்பாடுவானோ பெரும்பாலும் பாட்டிமார் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் திறமை அந்தத் தலைமுறையிடம் இருக்கிறது. அவர்கள் இரு கதைகளையும் ஒரே நூலில் சேர்த்து எழுத வேண்டும், பாப்டிஸ்டின் வாயில் அடைத்த துணியை விட்டுவிடாமல். போகிரான் 1906இல் மறைந்தார். அவருடைய எழுத்துக்கு இன்று காப்புரிமை இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.