நனைந்த கயிறு

உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடி முகப்பில் தொங்கி ஜீவனம் செய்கிற என் போன்றோருக்குக் கயிறுதான் காலடித் தரை. ஆதலால் 11 மி.மீ. பருமனும் 50 மீட்டர் நீளமும் உள்ள இந்த நைலான் செமி ஸ்டாட்டிக் கயிற்றை இரண்டு மாதம் அன்றாடம் பிரயோகித்த பிறகே இதை எழுதுகிறேன்.

இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரம், ஏ வகை என்று உள்ளே ஓடும் நாடாவிலேயே அச்சாகியிருப்பதால் பலத்தைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. பாறையேறுவோரின் டைனமிக் கயிறு, விழுகிறவனை நீண்டு கொடுத்துத் தாங்குவது. அதில் தொங்கி வேலை செய்தால் கையை அசைக்கும்போதெல்லாம் உடம்பு மேலும் கீழும் ஆடும். இதுவோ, 50 கிலோ சுமை 150 கிலோவாகும்போதும் 5 சதவீதத்துக்கு மேல் நீளலாகாது என்ற நியமத்துக்குக் கட்டுப்பட்டது. வைப்பரை அழுத்தி இழுக்கும்போது உடம்பு நின்ற இடத்தில் நிற்கிற அந்த ஸ்திரத்தில் எனக்குப் பரம திருப்தி. இதே குணத்தால்தான் இதைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பாறையேறுவது பேராபத்து: விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் இடுப்பில் இறங்கும்.

என் மனஸ்தாபம் வேறு. மூன்றாவது வாரம் ஒரு மாலை மழையில் கயிறு தெப்பமாக நனைந்தது. நிழலில் உலர்த்தி, மறுநாள் அதே கட்டடத்தில், அதே இடத்தில் கட்டி இறக்கினால், முந்தின நாள் தரையில் ஒரு மீட்டர் சுருண்டு கிடந்த நுனி இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் தொங்கிய பழைய பாதுகாப்புக் கயிறு மட்டும் வழக்கம்போல் தரையைத் தொட்டது. அளந்தேன்: 48 மீட்டர்! பின்னும்போது இழுபட்ட நைலான் இழைகள் முதல் ஈரத்தில் தளர்ந்து சுருங்குவது இயற்கை; அதைக் குறை சொல்லேன். ஆனால் வாங்குகிறவனிடம், ‘முதலில் நனைத்து, உலர்த்தி, அளந்த பிறகே தொங்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிக் கொடுத்த கடைக்காரரை எப்படி மன்னிப்பது? நுனியில் நான் தவறாமல் போடும் முடிச்சு இல்லாதிருந்தால், கவனம் பிசகிய ஒரு கணத்தில், என்னைக் கயிற்றில் இறக்கும் கருவியான டிசெண்டர் கயிற்றின் முனையைத் தாண்டி ஓடியிருக்கும்.

நனைந்ததில் ஒரு நன்மையும் உண்டு. ஆரம்பத்தில் டிசெண்டர் மேலுறையைப் பால் கறப்பதுபோல் கீழே தள்ளித் தள்ளி, நுனியில் மூன்று விரல் நீளத்துக்கு வெற்றுறையைத் தொங்கவிட்டிருந்தது. ஈரம் கண்டபின் உறை உள்ளிழைகளை இறுகப் பற்றிக்கொண்டது. கயிறு சற்று விறைத்து, எட்டு முடிச்சை இறுக்கக் கூடுதல் பிரயாசை வேண்டியிருப்பதுதான் அதற்கான விலை.

அடுத்த கயிற்றை 55 மீட்டராக வாங்கியிருக்கிறேன். இரவு முழுவதும் அண்டாத் தண்ணீரில் ஊறிய அது, இப்போது தாழ்வாரத்து நிழலில் காய்கிறது. உலர்ந்ததும் நாடா வைத்து அளந்து, நீளத்தையும் தேதியையும் நுனியில் எழுதப்போகிறேன்.