பெயர் ஒன்று, உள்ளே வேறொன்று: லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸ்

ராமநாதபுரம் வட்டாரக் கல்லூரிக் கருத்தரங்குகளுக்கு வரும் ஸ்லைடு ஃபைல்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறியவை. வழியில் யாராவது பிபிடிஎக்ஸ் என்ற வாலை பிபிடி என்று திருத்தியிருப்பார். பழைய கம்ப்யூட்டரிலும் திறந்துவிடும் என்ற நம்பிக்கைதான்!

பெயரைத் திருத்தினால் சரக்கு மாறாது. பிபிடி என்பது பவர்பாயிண்டின் பழைய பைனரி வடிவம். 2007 பதிப்போடு வந்த பிபிடிஎக்ஸ், எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கட்டிவைத்த ஜிப். வாலை மட்டும் நம்பும் மென்பொருள் பைனரியைத் தேடிப் போய், கிடைக்காமல், 'ஃபைல் பழுது' என்று கைவிரிக்கும். பழுது எதுவும் இருக்காது.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் வந்த லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, லிப்ரெஆபீஸின் ஸ்லைடு மென்பொருளான இம்ப்ரெஸை ஓட்டிப் பார்த்தேன். பிபிடிஎக்ஸுக்கு பிபிடி என்று பெயர் வைத்தேன்; பிறகு பழைய பிபிடிக்குப் புது வால் ஒட்டினேன். இரண்டையும் திறந்தது. காரணம், அது வாலோடு நிற்காமல் உள்ளடக்கத்தையும் சோதிக்கிறது. லேப்டாப்பின் வயதுக்கு ஏற்ற தாமதம் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய ஸ்லைடு என்றால் கதை வேறு. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எந்த மென்பொருளும் இதற்குத் தப்பாது.

திறக்காமலே வகையை அறிய, லினக்ஸ் டெர்மினலில் 'ஃபைல்' என்ற கட்டளைக்குப் பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், வாலைப் பொருட்படுத்தாமல் உள்ளடக்கத்தை வைத்தே வகையைச் சொல்லிவிடும். பாஸ்வேர்டு போட்ட பிபிடிஎக்ஸில் மட்டும் ஏமாறக்கூடாது: பூட்டியதும் அது பழைய பிபிடியைப் போன்ற பைனரி உறைக்குள் போய்விடும். அதைப் பார்த்து வாலைத் 'திருத்தி' வைக்காதீர்கள்.

மேடையேறுபவர்களுக்கு என் சிபாரிசு: இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத லிப்ரெஆபீஸ் போர்ட்டபிளைப் பென் டிரைவில் வைத்திருங்கள், காசு கிடையாது. திறந்த பிறகு 'சேவ் ஆஸ்' கொடுத்துச் சரியான வகையில் சேமியுங்கள். விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்தே காட்டும். ஃபோல்டரைத் திறந்து 'வியூ' மெனுவில் அதைத் தெரியவைப்பது நல்லது.

'ஃபைல்' கட்டளை எச்டிஎம்எல் என்று காட்டினால் இம்ப்ரெஸாலும் ஸ்லைடைக் கொண்டுவர முடியாது. டவுன்லோடு என்று நினைத்து யாரோ லாகின் பக்கத்தைச் சேமித்து அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவருக்குப் போன் போடுங்கள்.