திரிந்த குறிஞ்சி

கதைக்கலைச் சொற்களைக் கற்பிக்கும் கையேடுகள் அநேகமாக ஒரே வழியில்தான் போகின்றன. கதைப்பின்னல், பாத்திரம், நோக்குநிலை, குறியீடு, முரண் எல்லாம் வந்த பிறகு கடைசியில் 'பின்புலம்' வரும். கூத்துக்குப் பின்னால் கட்டிய திரைக்கு உள்ள மரியாதைதான் அதற்கு. இலங்கை மலையகத்தில் பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த கதைகளை இந்த வரிசையோடு படித்தால் பாதி கை நழுவிப்போகும். அங்கே இடம்தான் முதல் உத்தி. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்து மரம், விலங்கு, பறை, தொழிலைக் கருப்பொருளாக்கி, அதன்பிறகே மனநிலையாகிய உரிப்பொருளுக்கு வரும் தொல்காப்பிய முறை இக்கதைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

மலையகச் சிறுகதையாளர் தெளிவத்தை ஜோசப்பையே எடுத்துக்கொள்ளலாம். 1934இல் ஹாலி-எலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டவர். 'மீன்கள்' கதையில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளையும் ஒரே லயத்துக் காம்பராவில் படுக்கவேண்டிய நெருக்கடியும், அதனால் ஒரு தகப்பன் படும் வெட்கமும் வருகின்றன. லயத்துக் காம்பரா என்றால் தொழிலாளர் வரிசைவீட்டில் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. இந்த அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், கதையே இல்லை. சுவர் இங்கே பின்புலமா, பாத்திரமா, குறியீடா? மூன்றுமாக இருக்கிறது. வில்லன் என்று கைகாட்ட வீட்டுக்குள் ஆளில்லை. சுவரைக் கட்டியவரோ கதைக்குள் வருவதே இல்லை. கருப்பொருளைச் சொல்லி, சொல்லாத ஒன்றை வாசகரிடம் விட்டுவிடுகிற உள்ளுறையின் வேலை அது. அவருடைய 1979ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு 'நாமிருக்கும் நாடே'. பாரதி பாட்டில் அந்தத் தொடரை அடுத்து வருவது அந்த நாடு நம்முடையது என்ற பிரகடனம். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தால் ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்த தோட்டங்களிலிருந்து எழுதியவர், அந்தப் பிரகடனத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டார். அங்கதத்தை இவ்வளவு சிக்கனமாகச் செய்த தலைப்புகள் தமிழில் குறைவு.

தேயிலைத் தோட்டம் ஒரு திணையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டை அழித்துக் கோப்பி போட்டு, 1869இல் தொடங்கிய இலைநோயில் அது அழிந்தபின் தேயிலைக்கு மாறிய மலை அது. துரை அளந்து நட்ட நிலம். ஐந்திணைக்குள் அதற்கு இடமேது? பதில் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறார் இளங்கோ. நமுனுகுல மலைச்சரிவு பார்வைக்குக் குறிஞ்சி, அதன் உரிப்பொருளோ பிரிவு. மழையும் பசுமையும் நிறைந்த பாலை ஒன்று உண்டென்று பழைய உரைகாரர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் தந்த இலக்கணம் அதற்கு இடம் கொடுக்கிறது. காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களம், இடுப்பில் கட்டும் படங்கு, கொழுந்துக்கூடை, அரைநாள் கூலியான அரைப்பேர் எல்லாம் இந்தப் பாலையின் கருப்பொருள்கள்.

இவை கலையல்ல, வெறும் ஆவணம் என்ற பழைய குற்றச்சாட்டையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. கெட்ட கங்காணி, கொடிய துரை, கண்ணீர்க் கடைசி என்று அச்சில் வார்த்த கதைகள் மலையகத்தில் நிறையவே வந்தன. அவற்றில் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் சாமான் பட்டியலாகவே கிடக்கின்றன, எந்த மனநிலைக்கும் பிடிகொடுப்பதில்லை. அப்படியானால் கலையையும் ஆவணத்தையும் பிரித்துக்காட்டுவதும் இதே அளவுகோல்தானே.

இன்னொரு மறுப்பு: கொழுந்து எடுத்தவர்கள் இந்தக் கலைச்சொற்களைக் கேட்டா கதை சொன்னார்கள்? கேட்கவில்லை, ஆனால் உத்தி தெரியாதவர்கள் அல்லர். மாசியில் கம்பம் ஊன்றித் தோட்டம் தோட்டமாகக் காமன் கூத்து ஆடுகிறார்கள். மன்மதன் எரியப்போகிறான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேடையில் ரதிதான் போகவேண்டாம் என்று மன்றாடிக்கொண்டிருப்பாள். பார்வையாளர் அறிந்ததைப் பாத்திரம் அறியாதிருக்கும் நாடக முரணைக் கையேடுகள் கிரேக்கத்து ஈடிப்பஸை வைத்துத்தான் விளக்குகின்றன. மடுல்சீமையிலோ பசறையிலோ வகுப்பெடுக்கும் ஆசிரியர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தப்புச் சத்தம் கேட்கும் திசையில் பிள்ளைகளை அனுப்பினால் போதும்.