எழுதப்பட்டதும் சேர்க்கப்பட்டதும்

மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளிப் பங்குகளிலும் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் முதியவர்கள் உடனே வீடு திரும்புவதில்லை. முழங்கால் வலி, ஓய்வூதியம், பேத்தியின் திருமணம் எனப் பேச்சு நீளும். அண்மைக் காலமாக அப்பேச்சில் புதியதொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. "இராயப்பர் பெஞ்சாதி பட்ட பாட்டைப் பாத்தீங்களாக்கா?" என்று ஒருவர் தொடங்க, "மத்தேயுவை அவங்க அப்பாவே வீட்டுல சேர்க்கலையே" என்று மற்றவர் தொடர்கிறார். அவர்கள் பேசுவது 'தி சோசன்' என்னும் தொடரைப் பற்றி. பேரப்பிள்ளைகளின் கைப்பேசியிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் தமிழ் ஒலியோடு அதைப் பார்த்து வருகிறார்கள்.

டாலஸ் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க இயக்குநர் உருவாக்கிய இத்தொடரின் முதற் பருவம் 2019இல் வெளிவந்தது. பெரும் படநிறுவனம் எதுவும் பணம் போடவில்லை. எளிய மக்கள் பலர் கூடி ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். இயக்குநர் பிரிந்த சபையைச் சேர்ந்தவர். இயேசுவாக நடிக்கும் ஜொனத்தன் ரூமி கத்தோலிக்கர். மத்தேயுவாக நடிக்கும் பாரஸ் பட்டேல் இந்திய வம்சாவளியினர். மொத்தம் ஏழு பருவங்களாகத் திட்டமிடப்பட்டது இத்தொடர். பின்புலக் கதைகளும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டுள்ளன என்றும், பார்ப்பவர்கள் நற்செய்தி நூல்களை வாசிக்க வேண்டும் என்றும் முதல் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார்கள். அந்நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அறிவிப்பு சில நொடிகளே நிற்கிறது. காட்சிகளோ மனத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

சேர்த்துச் சொல்வது தவறு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட இயலாது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பரைப் பாடுகிறது. நற்செய்தி அவரைப் பற்றிக் கூறுவதோ மிகச் சில வசனங்களே; எஞ்சியவற்றுள் பலவற்றை முனிவர் ஆகிரேதா மரியாள் என்னும் இஸ்பானியத் துறவியின் நூலிலிருந்து பெற்றார். ஆவூரிலும் இடைக்காட்டூரிலும் நடக்கும் பாஸ்காவிலும் எழுதப்படாத உரையாடல்கள் உண்டு. எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. விருத்தப்பா தன்னைக் கவிதை என்று தானே காட்டிக்கொள்கிறது. பாஸ்கா மேடையில் சிலுவை சுமப்பவர் மறுநாள் ஆட்டோ ஓட்டப் போவதை ஊரார் அறிவர். திரையிலோ தைத்த இடம் தெரிவதில்லை. எனவேதான் ஒரு பாட்டியம்மா என்னிடம், "சாமி, இராயப்பர் பெஞ்சாதிக்குக் கரு கலைஞ்சது எந்த அதிகாரத்துல வருது?" என்று கேட்டார். இராயப்பருக்கு மாமியார் இருந்ததை மாற்கு சொல்கிறார். அவருடைய மனைவி உடன் பயணம் செய்ததைச் சின்னப்பர் குறிப்பிடுகிறார். அவ்வளவே. அவருடைய பெயரும் கண்ணீரும் தொடரின் ஆசிரியர்கள் தந்தவை.

தொடரின் குறை என நான் கருதுவது இந்தச் சேர்க்கைகளை அல்ல, நற்செய்தியின் மௌனங்களை அது பயன்படுத்தும் விதத்தையே. மத்தேயுவின் அழைப்பு நற்செய்தியில் ஒரே வசனம். இயேசு அழைக்கிறார், அவர் எழுந்து போகிறார், காரணம் கூறப்படவில்லை. தொடரோ அவருடைய எண்கணித நுட்பம், தனிமை, பெற்றோரின் வெறுப்பு ஆகியவற்றை முதற் பருவம் முழுவதும் படிப்படியாக விளக்கி, அழைப்பை நாம் எதிர்பார்க்கும் முடிவாக்கிவிடுகிறது. காட்சி அழகானதே. ஆனால் தகுதி பாராமல் வருவதே அருள் என்ற உண்மை அங்கே மங்குகிறது. இராயப்பர் கடலில் மூழ்கும் இடமும் அவ்வாறே. மத்தேயு நற்செய்தியில் அவர் காற்றைக் கண்டு அஞ்சுகிறார். தொடரிலோ பிள்ளையை இழந்த துயரமும் கோபமும் அவரோடு தண்ணீரில் இறங்குகின்றன. பிள்ளையைப் புதைத்த தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்கள் அழுததில் வியப்பில்லை. ஆயினும் காற்றுக்கு அஞ்சும் எளிய மனிதன் நம் எல்லாருக்கும் பொதுவானவன். அவனை நாம் இழந்துவிடலாகாது.

இதற்கு மாறான காட்சி ஒன்று மூன்றாம் பருவத்தில், 2022இல் வெளியானது. சின்ன யாக்கோபு இத்தொடரில் கால் தாங்கி நடப்பவர். நடிகர் ஜோர்டன் வாக்கர் ராஸுக்கு உண்மையிலேயே உடற்குறை உண்டு. அதையே கதையில் சேர்த்தனர். பிறரைக் குணமாக்கத் தம்மை அனுப்பும் இயேசுவிடம், "என்னை ஏன் குணமாக்கவில்லை?" என்ற பொருளில் அவர் கேட்கிறார். இயேசு அவரை அப்பொழுது குணமாக்குவதில்லை. குணமாகாமலே இறைவனைப் புகழும் வாழ்வின் பெருமையை எடுத்துரைத்து அவரை அனுப்பி வைக்கிறார். இதுவும் கற்பனையே. ஆனால் மௌனத்தை மூடாமல் திறந்து வைக்கும் கற்பனை. தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்காத சின்னப்பரின் அனுபவத்தோடு இது பொருந்துகிறது.

முதியவர்கள் மிகுதியாகப் பேசுவதும் இக்காட்சியைப் பற்றியே. சர்க்கரை நோயால் கால்விரலை இழந்த ஒருவர், "அப்ப நம்ம கால் சரியாகலைன்னா சாமி நம்மளக் கைவிட்டுட்டாருன்னு அர்த்தமில்ல" என்றார். விசுவாசம் போதாததாலேயே நோய் தீரவில்லை என்று சில செபக்கூட்டங்களில் கேட்டு மனம் நொந்தவர்கள் எத்தனையோ பேர். பூசையில் மண்டியிட இயலாமல் நாற்காலியில் அமர்வதற்கே குற்றவுணர்வு கொள்வோரும் உண்டு. அவர்களுக்கு இக்காட்சி மறையுரைகள் பல தராத ஆறுதலைத் தந்திருக்கிறது.

ஆகவே சமயத் தொடரை மதிப்பிட நாம் கண்ணீரை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அது நம்மைத் திருநூலுக்கு அனுப்புகிறதா, அல்லது திருநூலின் இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறதா என்று கேட்போம். அன்பியக் கூட்டங்களில் இதைச் செய்து பார்க்கலாம். சின்ன யாக்கோபின் காட்சியைப் பார்த்த பின், மாற்கு ஆறாம் அதிகாரத்தில் பன்னிருவர் அனுப்பப்படும் பகுதியையும், சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் இளையவர் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பார்வை மங்கியவர்கள் கேட்கட்டும். எழுதப்பட்டது எது, சேர்க்கப்பட்டது எது என்று பிறகு எல்லாரும் பேசட்டும். எழுதப்பட்டது குறைவாகவே இருக்கும். அக்குறைவில் நமக்கென இறைவன் விட்டுவைத்த இடம் எவ்வளவு பெரிது என்பது அப்பொழுது விளங்கும்.