பேஸ் கிடார் இல்லாத பாட்டு

பெர்னி வொரலை 'பார்லிமெண்ட்-ஃபங்கடெலிக் கீபோர்டிஸ்ட்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு ஜார்ஜ் கிளின்டனுக்குத் தாவிவிடுகிறார்கள். அநியாயம். 1978-இல் ஹிட்டான 'ஃப்ளாஷ் லைட்'டை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க. நம்மை ஆட வைக்கிற அந்த அடிநாதம் பேஸ் கிடார் கிடையாது, பெர்னியின் மினிமூக் சிந்தசைசர். ஸ்வரங்கள் படியிறங்கி, வழுக்கி, ரப்பர் மாதிரி இழுபடுகின்றன. எட்டு வயதில் கான்செர்ட்டோ எழுதிய பையன் அவர். பிறகு பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தார். அந்தப் படிப்பால்தான் ஃபங்க் 'உயர்ந்தது' என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருது. ஜேம்ஸ் பிரவுன் எந்தக் கன்சர்வேட்டரிக்குப் போனார்? செவ்வியல் பயிற்சியை பெர்னி விளையாட்டுச் சாமானாக்கினார், அதுதான் விஷயம். 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' (1984) படத்தில் டாக்கிங் ஹெட்ஸ் இசைக்குழுவோடும் வாசிக்கிறார். டேவிட் பர்னின் அந்தப் பெரிய சூட்டைப் பார்த்தது போதும். அடுத்த முறை பெர்னியின் கைகளைப் பாருங்க.