குற்றக்கதையும் நுகர்பொருளும்: சாய்ந்தமருதை முன்வைத்துச் சில குறிப்புகள்

நிகழ்ந்த கொலையைக் கதையாக்கி விற்றல் இன்று தோன்றிய வழக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாகத் தமிழகத்துச் சந்தைகளில் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகள் மலிவு அச்சின் பிள்ளைகளே. இலக்கிய வரலாறு நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்த இத்தகைய பிரசுரங்களை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) ஆய்வுப்பொருளாக்கியது. எனவே முதலாளித்துவம் குற்றத்தையும் பண்டமாக்கிவிட்டது என்று கூறி அமைதல் எமக்குப் போதாது. சிந்தும் பண்டமே, பெண்ணின் ஒழுக்கத்தின்மேற் பழியேற்றுவதில் அதுவும் பின்நின்றதில்லை. கதையின் வடிவம் எதனைக் காணச் செய்கிறது, எதனை மறைக்கிறது என்பதே இங்கு வினா.

2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில், ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென அமைந்த வொலிவேரியன் குடியிருப்பில், படையினர் சுற்றிவளைத்த வீடொன்றினுள் குண்டுகள் வெடிக்கவைக்கப்பட்டன. மீட்கப்பட்ட 15 சடலங்களுள் ஆறு சிறுவருடையவை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்து நாட்களே கழிந்திருந்தன. வாடகைக்கு வந்தோர்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தோர் அவ்வூர் முஸ்லிம்களே.

யூரியூப்பில் நாம் கண்ட மறுகூறல்கள் பலவற்றில் இவ்வூரவர் இல்லை. அதிரும் பின்னணியிசை, வானிலிருந்து நோக்கும் வரைபடம், ‘அந்த வீட்டினுள் நடந்தது என்ன?’ என்னும் தலைப்பு: இவையே உண்டு. கல்முனையிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய, சனநெருக்கம் மிக்க ஊர், ஏதோ இருண்ட கரையாகிவிடுகிறது. அச்சந்தரும் கதைக்கு அச்சந்தரும் நிலம் வேண்டுமன்றோ! சந்தேகித்துத் தகவல் கொடுத்த சமூகமே சந்தேகத்துக்குரிய பின்புலமாகத் தலைகீழாக்கப்படுகிறது. இதனை வெறும் சுவைக்கேடாகக் கொள்ள இயலாது. அதே ஆண்டு மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமைக்கு அத்தகைய ஐயமே துணைநின்றது.

திகில் வடிவம் தனிமனிதக் கொடியவனையே தேடும். நிறுவனத்தின் அசட்டை அதற்கு உகந்த பொருளன்று. ஏப்ரல் 4 ஆம் திகதியே வெளிநாட்டு உளவு எச்சரிக்கை கிடைத்தும் அரசு இயந்திரம் வாளாவிருந்தது. 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கோப்புகளும் கூட்டக் குறிப்புகளும் நிரம்பிய அத்தீர்ப்பில் திகில் இல்லை. ஆதலால் அதற்குக் கதைசொல்லியும் இல்லை. ஆளும் வர்க்கத்தின் பொறுப்பு இவ்வாறு கதைக்கு வெளியே தங்கிவிடுகிறது.

மௌனமே அறம் என நாம் வாதிடவில்லை. நக்கீரன் இதழ் தொடர்பான 1994 ஆம் ஆண்டு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடும் உரிமையை ஏற்றது. ஆயினும் பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை அவ்வுரிமையினின்று விலக்கியது. சாய்ந்தமருது வீட்டிலிருந்து காயங்களுடன் உயிர்தப்பிய சிறுமியொருத்தி உண்டு. அவள் எக்குற்றமும் புரியாதவள். நாளை எழுத்துக்கூட்டி வாசிப்பவள். தன் பெயரையும் அவ்விரவையும் அவள் எத்தலைப்பின்கீழ்க் காணப்போகிறாள் என்பதை விளம்பர வருவாயை எண்ணுவோர் இன்றளவும் கேட்டதில்லை.