பெயர் பெறாத வஞ்சகன்: சிலப்பதிகாரப் பொற்கொல்லன்

முன்னுரை

காப்பியங்களில் தீயோரின் பெயர் பெரும்பாலும் அவர்தம் இயல்பை முன்னரே உணர்த்திவிடும். முறம் போன்ற நகங்களை உடையவள் எனப் பொருள்படும் சூர்ப்பணகை என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். ஆனால், சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ணக் காரணமான பொற்கொல்லனுக்கு இயற்பெயரே இல்லை. இப்பெயரின்மை காப்பியத்தில் விளைவிக்கும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலே பெயராதல்

கொலைக்களக் காதையில் அவன் சட்டையணிந்து, நுண்தொழில் வல்ல கொல்லர் 100 பேர் பின்தொடர வருகிறான். பாண்டியன் பெயரால் சிறப்புப் பெற்றவன் என்று கருதியே கோவலன் அவனை நம்புகிறான். அவனது நடையையும் உடையையும் விளக்கும் இளங்கோவடிகள் அவன் பெயரை மட்டும் கூறவில்லை. சிறுபாத்திரம் ஆதலின் பெயர் வேண்டப்படவில்லை எனக் கூறலாம்; கோவலனை வெட்டிய காவலனும் பெயரற்றவனே. எனினும், அடைக்கலம் தந்த மாதரியும் அவள் மகள் ஐயையும் பெயர் பெற்றுள்ளனர். கதைப்போக்கையே மாற்றும் ஒருவன் தொழிற்பெயரால் மட்டுமே சுட்டப்படுவது கருதத்தக்கது.

பரதனும் பொற்கொல்லனும்

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகிறது. சிங்கபுரத்து அரசன் வசுவிடம் பணிபுரிந்த பரதன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான். அரசனிடம் பொய்க்குற்றம் சாட்டுதல் பரதனுக்கும் பொற்கொல்லனுக்கும் பொதுவான செயலாகும். பெயருடைய பரதனின் வினை, பிறப்பு மாறியும் அவனையே தேடி வருகிறது. பெயரற்றவனின் வினையோ அவனது தொழில் செய்தோர் அனைவரையும் சூழ்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் 1000 பேரைப் பலியிட்டதை உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் தெரிவிக்கின்றன. குற்றம் புரிந்தவன் அவருள் ஒருவனா என்பதைக் காப்பியம் கூறவில்லை. பலிக்குப் பின் மழை பெய்து நாடு செழித்தது என்றே உரைபெறு கட்டுரை அச்செய்தியை முடிக்கிறது.

முடிவுரை

இயற்பெயர் குற்றத்தை ஒருவனோடு நிறுத்தும் எல்லையாகிறது. அவ்வெல்லை இல்லாதபோது தொழிலே குற்றவாளியாகிவிடுகிறது. ஆராயாது விதித்த தண்டனை கோவலனுக்கு நேர்ந்த கொடுமை எனின், 1000 பொற்கொல்லருக்கு நேர்ந்ததும் அதுவே. முன்னதற்கு நீதி கேட்கக் கண்ணகி இருந்தாள். பின்னதற்குக் கேட்பார் காப்பியத்துள் எவருமிலர். பொற்கொல்லனைப் பழிக்கும் திறனாய்வு இவ்வேறுபாட்டையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.